முந்தியை இடுப்பில் செருகிய நாள்

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. குற்றாலத்தில் சீசன் பாதி முடிந்திருந்த நேரம். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டோரத்தில் நானும் என் வீட்டுக்காரரின் தங்கையும் பழம் விற்றுக்கொண்டிருந்தோம். ரம்புட்டான், மங்குஸ்தான், கிடைக்கிற சமயத்தில் முட்டைப்பழம். இப்போதும் அதே இடத்தில்தான் உட்காருகிறோம். சாரல் அடித்தால் தலைக்கு மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டுவோம். வெயில் வந்தால் அவிழ்த்துவிடுவோம்.

கூவி விற்பது என் நாத்தனார். எடை போடுவது நான். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்பதோடு சரி. வயதானால் இந்தக் கூச்சம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. யாராவது வந்து பழம் இனிக்குமா என்று கேட்டால்கூட நாத்தனார் முகத்தைத்தான் பார்ப்பேன்.

"எங்க மைனி வாயத் தொறந்தா பழம் புளிச்சிரும். எங்கிட்ட கேளுங்க" என்பாள் அவள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தராசைப் பிடிப்பேன்.

குற்றாலம் எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். பழம் நல்லதா என்று கேட்பார்களே தவிர, நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கம் தெருப் பெயரைச் சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும். நேராகச் சாதியைக் கேட்பது மரியாதை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் தெருவைக் கேட்பார்கள். நாங்கள் இருக்கிற தெரு ஊரைத் தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அதைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒன்று நடக்கும். அது என்ன என்று எழுதத் தெரியவில்லை. பட்டவர்களுக்குத் தெரியும்.

அந்த சீசனில் ஒருநாள், உடைந்த பாட்டில் துண்டு ஒன்று என் வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. குளிக்க வருகிறவர்கள் குடித்துவிட்டுப் போடுகிற பாட்டில். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு எடை போட்டேன். ஆனால் புண் ஆறவில்லை. தென்காசிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும், மாத்திரை விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார்.

கட்டு மாற்றுகிற அறையில் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். வெள்ளை உடுப்பு, இறுக்கிப் பின்னின தலை. எனக்கு வாய்த்த பிள்ளை நல்ல கலகலப்பு. பல் தெரியச் சிரிக்கும்.

"வாங்க ஆச்சி. மெதுவா வாங்க. காலை இங்கன வையுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டது. எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. இந்த வயதில் ஒரு சின்னப் பிள்ளை ஆச்சி என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் குளிராது. பேர் கேட்டது, வயது கேட்டது, ஊர் கேட்டது. பிறகு, "ஊர்ல எந்தத் தெரு ஆச்சி?" என்றது.

நான் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாது. சொல்லவும் பிடிக்காது.

அவ்வளவுதான். அந்தப் பிள்ளை என்னைத் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால்கூட யாரிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாம். ஸ்டூலைக் காலாலேயே கொஞ்சம் தள்ளிவைத்தது. "பழைய துணிய நீயே அவுத்துட்டு, வெளிய குழாயில காலக் கழுவிட்டு வா" என்றது. எனக்கு முன்னால் போன பெரியவருக்கு அதே பிள்ளை கட்டைக் கத்தரித்து எடுத்ததை வரிசையில் நின்று பார்த்தவள் நான். கையுறை எல்லாருக்கும்தான் போட்டார்கள், அது சுத்தத்துக்கு, எனக்கும் தெரியும். ஆனால் கையுறை போட்ட கைகூட என் காலில் படவில்லை. இடுக்கியின் நுனியில் பஞ்சைப் பிடித்து எட்ட நின்று துடைத்தது. மாத்திரை அட்டையை நீட்டியபோது நான் முந்தானையை விரித்தேன். மேலே இருந்து அதில் போட்டது.

மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் நான் போகவில்லை.

வீட்டிலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினேன். நாத்தனாரிடம், இனி தினமும் வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். என்ன என்று சொல்வது? குழாயில் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள் என்றா? அது ஒரு குற்றமா என்று கேட்பார்கள். கழுவுவது நல்லதுதானே என்பார்கள். இந்த மாதிரி விஷயத்தில் இதுதான் கஷ்டம். ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

சில நாள் போனது. ஒருநாள் பழக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"மைனி, பழம் ஏதும் அழுகிட்டா? வாடை அடிக்கி."

கூடையைக் கிளறினாள். நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் மெதுவாக என் காலைப் பார்த்தாள். துணியை அவளே அவிழ்த்தாள்.  விரல் நிறம் மாறியிருந்தது.

"ஏன் மைனி சொல்லாம இருந்திய? காலை எடுத்துட்டா இந்தக் கூடைய யாரு தூக்குவா? மேல போன எங்க அண்ணன் எறங்கி வந்து தூக்குமா?"

அவள் கோபமாக இருந்தால் இப்படித்தான் பேசுவாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. அப்போதுதான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்கே கிளம்பப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அந்த டீச்சர் வந்தது எங்கள் நல்ல நேரம். சீசன் முழுக்க எங்களிடம் ரம்புட்டான் வாங்குகிறவர். ஸ்கூட்டரில் வருவார். நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கிறார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நாத்தனார் பழத்தை அள்ளிப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "ஒங்க காலேஜ் பிள்ளைகள்தானா டீச்சர் அதுக? நல்லாப் படிச்சுக் குடுக்கிய" என்று முடித்தாள். எனக்குக் கூடைக்குள்ளே ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

டீச்சர் சாரல் விழுந்துகொண்டிருந்த ரோட்டோரத்திலேயே சாக்கில் உட்கார்ந்தார். "காலைக் காட்டுங்க ஆச்சி" என்று என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் இழுத்தேன். அவர் விடவில்லை. மடியில் சேறு ஒட்டியது. பார்த்துவிட்டு, "இப்பவே கெளம்பணும்" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும், இப்போதும் ஒழுங்காகக் கட்டு மாற்றாவிட்டால் எடுக்கத்தான் வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னார். தினமும் போய் வர எனக்குத் தோதான ஆஸ்பத்திரி பழைய ஆஸ்பத்திரி ஒன்றுதான். திரும்ப அதே அறை, அதே ஸ்டூல். விரல் போனாலும் போகட்டும், அங்கே போக மாட்டேன் என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். டீச்சருக்கு அது புரிந்துவிட்டது போல.

"ஆச்சி, அங்கன வாரதெல்லாம் நான் பாடம் எடுக்குற பிள்ளைகள்தான். நீங்க ஒருநாள் எங்க வகுப்புக்கு வரணும்" என்றார்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"நான் வாரேன் டீச்சர். நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். "ஏசினா பிள்ளைகள் காதப் பொத்திக்கிடும். அதுக உள்ளபடிக்குக் கெட்ட பிள்ளைகள் இல்ல. வீட்ல பார்த்தத அப்படியே செய்யுதுக. நானும் அப்படித்தான் இருந்தேன். வேலைக்கு வந்து ரொம்பக் காலம் கழிச்சுத்தான் எனக்கே உறைச்சுது. ஆச்சி ஒண்ணும் பேச வேண்டாம். நோயாளியா வந்து உக்காந்தாப் போதும்."

பேச வேண்டாம் என்று சொன்னதால்தான் ஒத்துக்கொண்டேன். நாத்தனாரும் பின்னால் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். அது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று டீச்சருக்குத் தெரியாது.

வகுப்பு இரண்டே நாளில்; அதுவரைக்கும் கட்டை டீச்சரே மாற்றிவிட்டார். அந்த நாளுக்கு நாத்தனார் தன் புதுச் சேலையை எனக்குக் கட்டிவிட்டாள். ஊதாக் கலர். பஸ்ஸில் போகும்போது மூன்று தடவை இறங்கிவிடலாமா என்று கேட்டேன். அவள் என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தாள்.

வகுப்பு பெரிய அறை. கட்டிலில் ஆள் அளவுக்கு ஒரு பொம்மை படுத்திருந்தது. அதை வைத்துத்தான் ஊசி போடவும் கட்டு கட்டவும் பழகுவார்களாம். அதற்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. பொம்மைக்குக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். எனக்கும் யாராவது போர்த்திவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் அந்தக் கலகலப்பான பிள்ளை. என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டது.

டீச்சர் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இவங்க நோயாளி. கால்ல புண். ஒவ்வொருத்தரா வந்து பேசுங்க" என்றார். முதல் பிள்ளை வந்தது. வணக்கம் ஆச்சி என்றது. பேர் கேட்டது. வயது, ஊர், தெரு. நான் சொன்னேன். அடுத்த பிள்ளை வந்தது. பேர், வயது, ஊர், தெரு. அதற்கடுத்த பிள்ளையும் அதே. பிள்ளைகள் கேட்கக் கேட்க டீச்சர் பலகையில் அந்த நாலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். தெரு என்ற எழுத்தின்மேல் சாக்பீஸை வைத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்றார்.

"அட்ரஸுக்கு மிஸ்."

"அட்ரஸ் சீட்டுல இருக்கு. அத நீங்க யாரும் எடுத்துப் பாக்கலியே."

"சும்மா பேச்சுக் குடுக்கதுக்கு மிஸ்" என்றது இன்னொன்று.

"சரி. தெருவத் தெரிஞ்சுக்கிட்டதும் நம்ம கை என்ன செய்யுது?"

  அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு இருந்ததே பெரிது.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதிய. எல்லாப் பிள்ளையும் தெருவக் கேட்டுது. ஒரு பிள்ளையாவது வலிக்கான்னு கேட்டுதா?"

சில பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரித்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். உண்மைதான், யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கே அது உறைக்கவில்லை. கால் என்னமோ நெருப்பாய்த்தான் எரிந்துகொண்டிருந்தது.

டீச்சர் நாத்தனாரைக் கோபிக்கவில்லை. மாத்திரை அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். "இப்ப மாத்திரை குடுங்க. எப்பச் சாப்பிடணும்னு சொல்லிக் குடுங்க" என்றார்.

முதல் பிள்ளை அட்டையோடு வந்தது. என் கை தானாகப் போய் முந்தியைப் பிடித்து விரித்தது. அந்தப் பிள்ளை அதில் போட்டுவிட்டு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லிவிட்டுப் போனது. அடுத்த பிள்ளைக்கும் விரித்தேன். அதுவும் போட்டது. அப்படியே ஒவ்வொன்றாக. டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அந்தக் கலகலப்பான பிள்ளையின் முறை வந்தது. சிரிப்பே இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் அட்டையை முந்தியில் போட்டது. திரும்பப் போன பிள்ளையை டீச்சர் நிறுத்தினார். "ஏன்மா மேலேருந்து போட்ட?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகையும் கலந்த கோபம்.

"நான் என்ன மிஸ் செஞ்சேன்? அவங்கதான முந்திய விரிக்காங்க? முந்தி விரிச்சா அதுல போடுறதுதான மரியாதை? எல்லாரும்தான் போட்டாங்க. என்னைய மட்டும் ஏன் கேக்கீங்க?"

வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஏனென்றால் அந்தப் பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. விரித்தது நான்தான். யாரும் விரிக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் நானாகத்தான் விரித்தேன். குனிந்து பார்த்தேன். நாத்தனாரின் புதுச் சேலை முந்தியில் மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்தன. என் இரண்டு கையும் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருந்தன. எத்தனையோ வருடமாக அப்படிப் பிடித்த கை. அது என் கை என்றே அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சின்ன வயதில் பலசரக்குக் கடையில் நின்றபோது நான் உள்ளங்கையை நீட்டினேன். கடைக்காரர் எனக்குத் தர வெல்லக்கட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் அம்மா பின்னாலிருந்து கையில் ஒரு அடி போட்டு, என் பாவாடையைப் பிடித்து விரித்துக் காட்டினாள். அம்மா கெட்டவள் இல்லை. கையை நீட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் அடித்தாள். அதன்பிறகு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் போனார், காலம் போயிற்று. விரிக்கிற கை மட்டும் விரித்துக்கொண்டே இருந்தது.

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பிள்ளையிடம் மெதுவாகத்தான் பேசினார். "நீ சொல்லுறது சரி. அவங்க விரிச்சாங்க, நீ போட்ட. நம்ம ஆஸ்பத்திரிக்கு வார மருந்து எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா வாங்குற ஆளு திரும்ப வரணும்லா? வரலேன்னா மருந்து என்ன செய்யும்? இவங்க திரும்ப வரல. விரலு போகப் பாத்துது."



நான் என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் நினைக்கவில்லை. மாத்திரை அட்டைகளை எடுத்துப் பொம்மைக் கட்டிலில் வைத்தேன். முந்தியை உதறினேன். சுருட்டி இடுப்பில் செருகினேன், நாற்று நடப் போகும்போது செருகுகிற மாதிரி இறுக்கமாக. ஒரு அட்டையை எடுத்து அந்தப் பிள்ளையிடம் நீட்டினேன். அது வாங்கிக்கொண்டது. பிறகு என் வலது உள்ளங்கையை நீட்டினேன்.

 இடது கையால் அதைத் தாங்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். தாங்கவில்லை. ஒற்றைக் கையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளை அட்டையைப் பிடித்த கையோடு கொஞ்ச நேரம் நின்றது. எனக்கு அது ரொம்ப நேரம் போலத் தோன்றியது. அம்மா அடித்த இடம் சுள்ளென்று இருந்தது என்றால் நம்புவீர்களா? பிறகு அதன் கை இறங்கி வந்தது. அட்டையை என் உள்ளங்கையில் வைத்தது. விரல் பட்டது. வேர்த்திருந்தது அந்த விரல். என்னைவிட அதற்குத்தான் பயம் அதிகம் போல.

அப்போது என் வாய் திறந்தது. யாரும் கேட்கவில்லை. நாத்தனார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

"விரிக்கச் சொல்லி எங்க அம்மா பழக்கினா. கைய நீட்டினா அடி விழும்னு பழக்கினா. ஒன்னக் குத்தம் சொல்ல நான் வரல தாயி. என் காலு ஆறணும், அதுக்குத்தான் வந்தேன். நாளைக்கும் நான் அங்கனதான் வரணும்."

இவ்வளவுதான் பேசினேன். சின்னக் குரல்தான். ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கிறது. ஒரு பிள்ளை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டது. இன்னொன்று எனக்கு ஏதோ நாடகம் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்கிற மாதிரி உதட்டைச் சுழித்தது. அதையும் பார்த்தேன். எல்லாரும் ஒரே நாளில் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய்.

கலகலப்பான பிள்ளை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அது போய்க் கையைக் கழுவிவிட்டு, கையுறையும் தட்டும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தது.

"கட்டப் பிரிக்கட்டுமா ஆச்சி?"

நான் தலையை ஆட்டினேன். அது என் குதிகாலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மற்ற கையால் துணியைப் பிரித்தது. ஒட்டியிருந்த இடத்தில் மருந்துத் தண்ணீரை ஊற்றி, காத்திருந்து, பிறகு எடுத்தது. நடுவிலே நிமிர்ந்து பார்த்து, "வலிக்கா?" என்று கேட்டது. வகுப்பு முழுக்க எழுந்து சுற்றி நின்று பார்த்தது.

"வலிக்கத்தான் செய்யுது" என்றேன். அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் சிரிப்பு எட்டிப் பார்த்தது, அழுத கண்ணோடு.

டீச்சர் பலகையில் தெருவை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'வலிக்கிறதா' என்று எழுதினார். வெளியே வந்ததும் நாத்தனார், "மைனி, பேச வேண்டாம்னு சொன்னது எனக்கா ஒங்களுக்கா?" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

மறுநாள் அந்த அறைக்குப் போகும்போது பயம் இல்லாமல் இல்லை. முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே போனேன். அந்தப் பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டது. வேறு பிள்ளைகள் இருந்த நாளில் ஒன்றிரண்டு பேர் பழைய மாதிரியே குழாயைக் காட்டினார்கள். "நீங்க பிரிச்சு விடுங்கம்மா, எனக்குக் குனிய முடியாது" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல எனக்கு அறுபது வயதுக்கு மேலே ஆகியிருக்கிறது. புண் மெல்ல மெல்ல ஆறியது. விரல் என்னோடுதான் இருக்கிறது. தழும்பு மட்டும் உண்டு.

எங்கள் தெருவில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்து பார்க்கிற பெண்கள் நிறையப் பேர். என் கால் ஆறினதைப் பார்த்து ஒருத்தி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிறகு இன்னொருத்தி. மாத்திரை கொடுக்கும்போது அவர்கள் கை முந்தியைத் தேடினால், நான் பக்கத்தில் நின்று முழங்கையால் லேசாக இடிப்பேன். புரிந்துகொள்வார்கள்.

டீச்சர் இப்போது வருடாவருடம், புதுப் பிள்ளைகள் சேர்ந்ததும் எங்களைக் கூப்பிடுகிறார். அதே நாற்காலி, அதே பொம்மை. முதல் தடவை பேச வேண்டாம் என்றதால் போனவள், இப்போது நானே பிள்ளைகளிடம், ஒருத்தரிடம் முதலில் என்ன கேட்பீர்கள் என்று கேட்கிறேன். குரல் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், அதுவும் வகுப்பு எடுக்க. இதை எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். நாத்தனார்தான் வியாபாரத்தில் இதையும் சேர்த்துவிட்டாள். "வாங்க வாங்க, காலேஜ் டீச்சர் எடை போட்டுத் தார பழம்" என்று கூவுகிறாள். வெட்கத்தில் நான் தராசைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

போன சீசனில் ஒரு குடும்பம் வந்து நின்றது. அம்மா, அப்பா, நடுவில் அந்தக் கலகலப்பான பிள்ளை. படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டதாம். பக்கத்து ஊர்க்காரர்கள்தான். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே எங்கள் தெரு அவர்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனார் பழத்தைப் பையில் போட்டாள். "அப்படிக் கீழ வச்சிரு, எடுத்துக்கிடுதோம்" என்றார் அந்த அம்மா.

நாத்தனார் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அந்தப் பிள்ளை குனிந்து, என்னிடம் இரண்டு கையையும் நீட்டியது.

"எங்கிட்ட குடுங்க ஆச்சி."

நான் நாத்தனாரிடமிருந்து பையை வாங்கி அந்தக் கைகளில் வைத்தேன். மேலே இருந்த ஒரு ரம்புட்டானை எடுத்துத் தனியாக அதன் உள்ளங்கையில் கொடுத்தேன். அது அங்கேயே நின்று, தோலை உரித்து, அம்மாவுக்கு முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டது. கால் எப்படி இருக்கிறது, வலி இருக்கிறதா என்று கேட்டது. பிறகு கொட்டையைத் துப்பிவிட்டு, "இனிக்கி" என்று அம்மாவிடம் சொன்னது.  அந்த அம்மா பையைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.

இன்றைக்கும் யாராவது எதையாவது கொடுக்க வந்தால், என் கை முதலில் முந்தியைத் தேடி ஒருமுறை போய்த்தான் வருகிறது. அது போய்விட்டு வரட்டும் என்று ஒரு நொடி பொறுத்து, பிறகு உள்ளங்கையை நீட்டுகிறேன். அந்த ஒரு நொடியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும், கடை வாசலில் அடி வாங்கி நின்ற அந்தச் சின்னப் பெண்ணின் கையில் நானே வெல்லக்கட்டியை வைத்த மாதிரி இருக்கிறது.